மூன்று பைப் வியாபாரிகளும் ஒரு கேக் பெட்டியும்

ஆகாய மறைகாவல் துறையைப் பத்திரிகைகள் திட்டாத நாள் கிடையாது. அந்தத் துறையும் லேசுப்பட்டதல்ல. திட்டு விழ விழ வளர்ந்தது. பயணிகள் விமானத்தில் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, மாறுவேடத்தில், பயணியோடு பயணியாக உட்கார்ந்து வருவதுதான் மறைகாவலரின் வேலை. துறை தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒருவரையும் பிடித்ததில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. உடனே விமானத்துக்கு ஒருவர் என்றிருந்ததை இருவராக்கினார்கள். ஒருவர் பிடிக்காமலிருப்பதைவிட இருவர் பிடிக்காமலிருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பு என்பது துறையின் கணக்கு. ஒரு மறைகாவலர் வாயைப் பிளந்து குறட்டை விடும் படத்தை இன்னொரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. தூங்குவதும் மாறுவேடத்தில் சேர்த்திதான் என்று துறை அறிக்கை விட்டது. விட்டுவிட்டு மூவராக்கியது.

மாறுவேடம் என்றேனே, அதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சாதாரணப் பயணி என்பவன் எப்படி இருப்பான் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்த யாரும் சாதாரணப் பயணியாக எங்கும் போனதில்லை. ஆகவே மிகவும் யோசித்தார்கள். சாதாரணப் பயணி நீலக் கட்டம் போட்ட சட்டை போடுவான், நடைபாதை ஓரத்து சீட்டில் உட்காருவான், செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பான், யாராவது கேட்டால் பைப் வியாபாரம் செய்வதாகச் சொல்வான் என்று முடிவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து எல்லா மறைகாவலருக்கும் ஒரே கிடங்கிலிருந்து ஒரே சட்டை. போதாக்குறைக்கு, மற்றவர்கள் ஏறுவதற்கு முன்பே அவர்களை ஏற்றி உட்கார வைத்துவிடுவார்கள். கைக்குழந்தைகூட அவர்களைப் பார்த்தால் அடையாளம் கண்டு கையாட்டும். மறைகாவலரை அடையாளம் தெரியாதவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் துறையின் இயக்குநர். இன்னொருவர், அதுவரை விமானமே ஏறியிராத நம் பேக்கரிக்காரர்.

பேக்கரிக்காரருக்கு அன்றைக்குத் தலைபோகிற அவசரம். ஒரே மகளுக்குக் கல்யாணம். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. தூரத்து நகரம் ஒன்றின் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியது, மறுநாள் காலை மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக வெளிநாடு கிளம்ப வேண்டியது. அலுவலகம் நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். மனைவி முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவர் மட்டும் கேக்கைச் செய்து முடித்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினார்.

பின்தங்குவது அவருக்குப் பழக்கம். மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்குப் போனதில்லை, பரிசு வாங்கியபோது போனதில்லை, பட்டம் வாங்கியபோதும் போனதில்லை. சரியாக அன்றைக்குப் பார்த்து ஊரில் எவனுக்காவது பிறந்தநாள் வந்து தொலைக்கும். கேக் அடுப்பில் இருக்கும்.

விமான நிலையத்தில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். “ஏங்க, கிளம்பியாச்சா? இல்ல, இன்னும் க்ரீம் தடவிக்கிட்டுதான் இருக்கீங்களா?”

“ஏர்போர்ட்டுக்கே வந்துட்டேன்டி.”

மகள் போனைப் பிடுங்கினாள். “அப்பா, சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும். வேற யாரையும் நான் கேக்கலை. நீங்க வரலைன்னா இன்னைக்குக் கல்யாணம் இல்லை. அவ்வளவுதான்.”

“வந்துடறேம்மா. பிளேன் நடுவழியிலயா நிக்கப்போகுது?”

“பிளேன் நிக்காதுப்பா. நீங்கதான் எங்கயாவது நின்னுடுவீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையாயிற்றே, என்ன செய்வது?

பரிசோதனை மேடையில் கேக் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அவரே அட்டை வெட்டிச் செய்த பெட்டி. நடுவில் கேக், ஓரத்தில் ஒரு பள்ளம் அமைத்து, அதில் கேக் வெட்டும் கத்தியைப் படுக்க வைத்திருந்தார். பரிசோதிக்கிற அம்மா கத்தியை இரண்டு விரலால் தூக்கினாள்.

“நுனி மொட்டைம்மா அது. வெண்ணெயே ஒழுங்கா வெட்டாது.”

“பிளேன்ல ஆயுதம் போகக்கூடாது சார். உங்க பாதுகாப்புக்குத்தான்.”

கத்தி குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்களே என்று பேக்கரிக்காரருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நல்ல மனிதர், பாவம்.

விமானத்தில் அவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு நர்ஸம்மா. இவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “ஏம்மா, மூணு பேர் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்காங்களே, அண்ணன் தம்பிங்களா?” என்று கேட்டார்.

“அவங்க மறைகாவலருங்க. ரகசியம்,” என்றாள் நர்ஸம்மா, குரலைத் தாழ்த்தாமலே. “முன்னாடி இருக்காரே, அவருக்கு முழங்கால் வலி. போன தடவை நான்தான் தைலம் கொடுத்தேன். பின்னாடி கடைசியில இருக்கறவர் புதுசு.”

விமானம் மேலே ஏறி நிதானத்துக்கு வந்ததும், புதியவர் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். சற்று நேரம் கழித்து பேக்கரிக்காரர் போனார்.

கை கழுவும் தொட்டியின் ஓரத்தில், சோப்புக்குப் பக்கத்தில், ஒரு துப்பாக்கி இருந்தது.

பொம்மையோ என்று தூக்கிப் பார்த்தார். கனத்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். லேசாகத் திறந்து பார்த்தால், ஒரு தாய் தன் சின்னப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை நெளிந்தது. இதை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் அடுத்தது அந்தக் குழந்தை கையில்தான். பேக்கரிக்காரர் துப்பாக்கியைக் காகிதத் துண்டுகளில் சுற்றி, சூடான பன்னை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

அவரளவில் விஷயம் எளிது. மறைகாவலரின் பொருள், மறைகாவலரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. முன்வரிசைக்குப் போனார்.

“சார், இது உங்களோடதுங்களா?”

செய்தித்தாள் இறங்கவில்லை. அதன் பின்னாலிருந்து ஒப்பிப்பது போல ஒரு குரல் வந்தது: “நான் ஒரு சாதாரணப் பயணி. பைப் வியாபாரம் செய்கிறேன்.”

“அப்படியா? நல்லதாப் போச்சு. கடையில ஒரு பைப் ஒழுகுது. நீங்க என்ன பைப் விக்கறீங்க?”

பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. செய்தித்தாளில் ஒரு பக்கம் புரண்டது.

“நீளமான பைப்.”

பேக்கரிக்காரர் நடுவரிசைக்கு வந்தார். அங்கேயும் சாதாரணப் பயணி, அங்கேயும் பைப்.

“முன்னாடி ஒருத்தரும் பைப்புதான்னாரே. ஒரே கம்பெனியா?”

“அவரை எனக்குத் தெரியாது,” என்றார் நடுவரிசைக்காரர், தெரிந்தவரின் பக்கமே பார்த்துக்கொண்டு.

கடைசி வரிசைப் புதியவர் இவர் கையிலிருந்ததைப் பார்த்தார். தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பிசைந்து வைத்த மைதா மாதிரி முகம் வெளுத்துவிட்டது.

“தம்பி, வாங்கிக்குங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“வாங்கினா நான் யாருன்னு தெரிஞ்சுடும் சார்,” என்று புதியவர் கிசுகிசுத்தார். கண் கலங்கிவிட்டது. “வேலை போயிடும். யார் கேட்டாலும் ஒத்துக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.” பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “நான் பைப் வியாபாரம் செய்கிறேன்!” என்று கத்தினார்.

“தெரியுது, தெரியுது,” என்றார் அவருக்கு முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த பயணி, ஒரு பெரியவர், கண்ணைத் திறக்காமலே.

கடைசியில் பணிப்பெண்ணிடம் போனார். அவள் சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“சார், பிளேன்ல மறைகாவலர் இருக்கறது எங்களுக்குத் தெரியக்கூடாது. அவங்க இல்லைன்னா துப்பாக்கியும் இல்லை. இல்லாத சாமானை நான் எப்படி சார் வாங்கி வைக்க முடியும்? காபியா, டீயா?”

“காபி.”

“ஆனா இறங்கும்போது கையில எதையும் வச்சிருக்கக்கூடாது. பெட்டிக்குள்ள வச்சிடுங்க.”

அவர் கேக் பெட்டியைத் திறந்தார். கத்தி இருந்த பள்ளம் காலியாக இருந்தது. துப்பாக்கி அதில் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தி உட்கார்ந்தது. இதையெல்லாம் முன்வரிசைப் பைப்பும் நடுவரிசைப் பைப்பும் செய்தித்தாளின் ஓரம் வழியாகக் கவனித்தார்கள். துப்பாக்கியுடன் ஒருவன் விமானத்துக்குள் உலாவுகிறான்! பாய்ந்து பிடித்திருக்கலாம். ஆனால் பிடிக்க வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே, தரையிறங்கிய பிறகு வேறு யாராவது பிடித்துக்கொள்ளட்டும் என்று தலைமையகத்துக்கு ரகசியச் செய்தி அனுப்பிவிட்டு, மறுபடி செய்தித்தாளை விரித்தார்கள்.

அப்படியே பிடித்தார்கள். இறங்கிய இடத்திலேயே கேக் பெட்டியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலில்லாத அறை ஒன்றில் இயக்குநர் முன்னால் உட்கார வைத்தார்கள். சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியிருந்தது. பக்கத்து மண்டபத்தில் நிருபர்கள் கூடியிருந்தார்கள். பத்திரிகைகளின் வசைக்கெல்லாம் ஒரே வீச்சில் பதில் சொல்லிவிட வேண்டும் என்று இயக்குநரேதான் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்.

“துப்பாக்கி எங்கிருந்து வந்தது?” என்றார் இயக்குநர்.

“பாத்ரூம்ல இருந்துதுங்க. உங்க ஆளு ஒருத்தர் மறந்து வச்சிட்டாரு.”

“எங்க ஆளுங்க துப்பாக்கியைத் தொலைக்க மாட்டாங்க. தொலைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. விதி இருக்கும்போது எப்படித் தொலையும்?”

உதவியாளர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு இருமினார். “சார், நம்ம முத்திரை இருக்கு.”

இயக்குநர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “பிளேன்ல துப்பாக்கி வச்சிருக்கறவன் ரெண்டே வகை. ஒண்ணு தீவிரவாதி, இல்ல நம்ம ஆளு. தீவிரவாதின்னு சொன்னா, நம்ம துப்பாக்கி அவன் கைக்கு எப்படிப் போச்சுன்னு பக்கத்து ரூம்ல கேப்பானுங்க. நம்ம ஆளுன்னு சொன்னா எவனும் வாயைத் திறக்க முடியாது.” சட்டென்று நின்று, குனிந்து, பேக்கரிக்காரரின் கண்ணுக்குள் பார்த்தார். “நீங்க நம்ம ஆளா?”

“ஐயையோ, இல்லைங்க! நான் பேக்கரி வச்சிருக்கேன்.”

இயக்குநர் மேஜையை ஓங்கித் தட்டினார். “பாத்தியாய்யா! நானே நேருக்கு நேர் கேக்கறேன், ஒத்துக்க மாட்டேங்கறாரு! மத்தவனெல்லாம் பைப்பு பைப்புன்னு உளறிக்கிட்டுத் திரியறான். இவரு பேக்கரின்னு சொல்லி கேக்கையே செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காரு. இதுக்குப் பேருதான்யா மாறுவேடம்!”

“சட்டையில கட்டம்கூட இல்லை சார்,” என்றார் உதவியாளர் பரவசமாக.

“சார், நான் சொல்றதைக் கேளுங்க. என் பொண்ணுக்குக் கல்யாணம். நாலு மணிக்குள்ள நான் போயாகணும்.”

“குடும்பம் வேற தயார் பண்ணி வச்சிருக்காரு!” இயக்குநரின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்லை. நம்ம ஆளுன்னு எனக்கே தெரியாத அளவுக்கு ரகசியமா இருந்திருக்காரே!”

கட்டம் போட்ட சட்டை ஒன்று வந்தது. அடுத்த விமானத்திலேயே அவரைத் திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று. இப்பேர்ப்பட்ட ஆளைத் தரையில் வைத்திருப்பது வீண் என்றார் இயக்குநர். பேக்கரிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கதான் எங்கயாவது நின்னுடுவீங்க என்று மகள் சொன்னது காதிலேயே நின்றது. இந்தத் தடவை அடுப்பில் கேக்கும் இல்லை, ஊரில் பிறந்தநாளும் இல்லை, அப்படியும் நின்றுவிட்டாரே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இந்தத் துப்பாக்கியையாவது வாங்கிக்குங்க சார்.”

“எப்படி வாங்கறது? வாங்கினா திரும்பக் கிடைச்சதுன்னு ஆகும். திரும்பக் கிடைச்சதுன்னா முன்னாடி தொலைஞ்சதுன்னு ஆகும்.” அதை அவரே பயபக்தியோடு கேக் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அடுத்த விமானத்துக்கு நேரமாகும் வரை பேக்கரிக்காரரை மண்டபத்தில் நிருபர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மடியில் பெட்டி, பெட்டியின் மேல் சட்டை. இயக்குநர் மேடை ஏறினார்.

“இத்துறை இதுவரை ஒருவரையும் பிடித்ததில்லை என்கிறீர்கள். பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். பிடிப்பதற்கு ஆளில்லாத நிலையை உருவாக்கியதே எங்கள் சாதனை. எங்கள் அதிகாரிகளை எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது என்கிறீர்கள். தவறு. இன்றைய விமானத்தில் வந்த அதிகாரி ஒருவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை!”

ஒரு பெண் நிருபர் எழுந்தாள். “விமானக் கழிப்பறையில் துப்பாக்கி கிடந்ததாகப் பயணிகள் சொல்கிறார்களே?”

“பொய். எங்கள் துப்பாக்கி ஒரு கணம்கூட எங்கள் கட்டுப்பாட்டை விட்டு விலகவில்லை. கேக்கோடுதான் இருந்தது.”

“எதோடு?”

“அது ரகசியம்.”

“அந்த அதிகாரியை நாங்கள் பார்க்கலாமா?”

“பார்க்க முடியாது. அவர் இந்த மண்டபத்தில் இருந்தாலும் சரி, எழுந்து நடமாடினாலும் சரி, அவரை எனக்குத் தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ள மாட்டேன். உயிரே போனாலும் காட்டிக்கொள்ள மாட்டேன்!”

பேக்கரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் காதில் விழுந்த பேச்சிலேயே உருப்படியான பேச்சு அதுதான். சட்டையை நாற்காலியில் போட்டார். பெட்டியை எடுத்தார். எழுந்து நடந்தார்.

மேடையில் இயக்குநரின் வாய் திறந்தது. கை உயர்ந்தது. நிருபர்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். கை மெல்லத் திரும்பிப் போய் அவர் தலையைச் சொறிந்தது. அவரால் வேறென்ன செய்ய முடியும்?

வாசல் காவலாளி மட்டும் குறுக்கே வந்தார். “யாருங்க நீங்க? எங்க போறீங்க?”

“பேக்கரி வச்சிருக்கேங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் போறேன்.”

உள்ளறைப் பேச்சையெல்லாம் கதவோரம் நின்று கேட்டிருந்தவர் அந்தக் காவலாளி. கண்ணைச் சிமிட்டினார். “புரியுதுங்க ஐயா,” என்று விறைப்பாக சல்யூட் அடித்து, கதவைத் திறந்துவிட்டு, டாக்சியையும் கூப்பிட்டுக் கொடுத்தார்.

பதிவு அலுவலகத்தில் பதிவாளர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டார். மாப்பிள்ளை அவரிடம் வானிலையைப் பற்றிப் பேசி நேரம் கடத்திக்கொண்டிருந்தார். மகள் படிக்கட்டில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சியிலிருந்து முதலில் கேக் பெட்டி இறங்கியது. பின்னால் அப்பா இறங்கினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“வந்துட்டீங்களாப்பா?”

“நடுவுல கொஞ்சம் நிக்க வச்சிட்டாங்கம்மா. நானா நிக்கலை, சத்தியமா.”

கையெழுத்துப் போடப் பேக்கரிக்காரர் பேனாவைக் கையில் வாங்கினார். கல்யாண கேக்குகளில் யார் யார் பெயரையெல்லாமோ க்ரீமால் கோணாமல் எழுதிய கை. மகளின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் கோணலாக விழுந்ததைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கேக் வெட்டப் பெட்டியைத் திறந்தார்கள். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். “ஏங்க, கத்தி கொண்டு வரச் சொன்னா என்னத்தைங்க கொண்டு வந்திருக்கீங்க?”

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். சாதாரணப் பயணி, நீளமான பைப், கேக்கோடு இருந்த துப்பாக்கி எல்லாம் சொன்னார். மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மகள், “அப்பா, வாசல்ல பாருங்க,” என்றாள்.

நீலக் கட்டச் சட்டை ஒன்று செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. செய்தித்தாள் நடுங்கியது. விமானத்தின் கடைசி வரிசைப் புதியவர், பாவம், இன்னொரு டாக்சி பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

கேக்கைப் பதிவாளரின் ஸ்கேலால்தான் வெட்டினார்கள். எல்லோருக்கும் கொடுத்த பிறகு, பேக்கரிக்காரர் துப்பாக்கியைக் காகிதத்தில் மடித்துக் கட்டி, அதன் மேல் ஒரு துண்டு கேக்கை வைத்து வாசலுக்கு எடுத்துப் போனார்.

“பைப் சார், கல்யாண கேக். உங்களுக்குன்னு தனியாக் கட்டியிருக்கேன். கொஞ்சம் கனமா இருக்கும், பாத்துப் பிடிங்க.”

புதியவர் வாங்கிக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. “ரொம்ப நன்றிங்க. நான்... நான் ஒரு சாதாரணப்...”

“தெரியும் தம்பி. கேக்கைச் சாப்பிடுங்க.”

புதியவர் நின்ற இடத்திலேயே கேக்கை முழுசாகச் சாப்பிட்டார். விரலெல்லாம் க்ரீம். கை கழுவ எங்கே போவது என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, வேகமாகத் தெருவில் இறங்கி டாக்சியில் ஏறிப் போய்விட்டார். நல்ல பையன் என்று பேக்கரிக்காரர் உருகினார்.

பதிவாளர் பூட்டை எடுத்தார். எல்லோரும் படியிறங்கப் போன நேரத்தில், அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் கையில், ஈரக் காகிதத்தில் மடித்துக் கட்டிய ஒரு கனமான பொட்டலம் இருந்தது.

“கை கழுவற இடத்துல சோப்புப் பக்கத்துல யாரோ வச்சிட்டுப் போயிட்டாங்க. இது யாரோடதுங்க?”

பேக்கரிக்காரர் ஒரு அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தார். மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“எங்களோடது இல்லைங்க. நாங்க எல்லாரும் சாதாரண ஜனங்க. குடும்பத்தோட பைப் வியாபாரம்.”

“அப்படியா? என்ன பைப்பும்மா?”

“நீளமான பைப்,” என்றார் மாப்பிள்ளை.